சென்னைக்குப் புதிதாக வருகிறீர்களா? பஸ், மின்சார ரயில், மெட்ரோவில் காசு கொடுக்கும் வழி

போன மாதம் ராஜபாளையத்திலிருந்து சித்தப்பா வந்திருந்தார். கண் காட்ட வேண்டும், இரண்டு நாள் வேலை. விடியற்காலை கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் இறங்கி, தாம்பரம் போகும் மாநகரப் பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் வந்ததும் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டியது ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு. அன்றைக்கு முதல் டிரிப், கண்டக்டர் பையிலும் சில்லறை சேர்ந்திருக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பையன்தான் தன் காசில் டிக்கெட் வாங்கிக் கொடுத்திருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா முதலில் பேசியது அந்தப் பையனைப் பற்றித்தான். ஆனால் சொல்லும்போதே அவர் முகத்தில் இருந்த கூச்சத்தையும் பார்த்தேன். ஊரில் நாலு பேருக்குக் கொடுத்துப் பழகிய மனிதர், இங்கே ஒரு டிக்கெட் காசுக்கு அடுத்தவர் கையைப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

அந்தக் கூச்சம் யாருக்கும் வர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்கு, பரீட்சைக்கு, இன்டர்வியூவுக்கு, கல்யாணத்துக்கு என்று வருகிற யாராக இருந்தாலும் சரி, ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சென்னையில் வண்டிக்கு வண்டி காசு வாங்கும் முறை மாறும். பஸ்ஸில் வசதியாக இருப்பது மின்சார ரயிலில் செல்லாது, மெட்ரோவில் செல்வது ஷேர் ஆட்டோவில் செல்லாது. ஆகவே ஏதோ ஒன்றை மட்டும் நம்பி வராமல், கையில் சில்லறை, போனில் யுபிஐ, ஒரு வாரத்துக்கு மேல் தங்குவதாக இருந்தால் ஒரு அட்டை என்று மூன்றையும் தயாராக வைத்துக்கொண்டால் போதும்.

கிளம்பும் முன்பு, வீட்டில் இருந்தபடியே

முதலில் சில்லறை. ஒரு முந்நூறு ரூபாயை ஐந்து, பத்து, இருபது, ஐம்பதாக மாற்றி ஒரு சின்ன பர்ஸில் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய நோட்டு இருக்கும் பர்ஸும் இதுவும் ஒன்றாக இருக்கக் கூடாது. கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்ற கையால் பெரிய பர்ஸைத் திறந்து துழாவுவது பணத்துக்கும் பாதுகாப்பில்லை, உங்களுக்கும் பாதுகாப்பில்லை.

பத்து ரூபாய் நாணயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மாவட்டங்களில் பல ஊர்களில் பத்து ரூபாய் காசைக் கொடுத்தால் கடைக்காரர் திருப்பித் தள்ளிவிடுவார், செல்லாது என்று ஒரு வதந்தி எப்படியோ வேர் விட்டுவிட்டது. 14 வடிவங்களில் வெளியான பத்து ரூபாய் நாணயங்கள் அத்தனையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே அறிவித்திருக்கிறது. சென்னையில் அந்தத் தொல்லை கிடையாது, பஸ்ஸில் கண்டக்டரே மீதியாகக் கொடுப்பது பெரும்பாலும் அந்தக் காசுதான். ஊரில் உண்டியலில் கிடக்கிறதா? எடுத்து வாருங்கள், இங்கே அருமையாகப் பயன்படும்.

அடுத்து யுபிஐ. ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்கள் யுபிஐ லைட் என்பதையும் செயலிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து கொஞ்சம் பணத்தை எடுத்து அதில் வைத்துக்கொண்டால், 1,000 ரூபாய்க்கு உட்பட்ட ஒவ்வொரு செலவுக்கும் பின் நம்பர் போட வேண்டியதில்லை, உடனே போய்விடும். மொத்தமாக 5,000 ரூபாய் வரை வைக்கலாம், ஆனால் பயணத்துக்கு 500 போதும். வங்கி சர்வர் மெதுவாக இருக்கும் காலை எட்டரை மணிக்கு இதன் அருமை தெரியும்.

மூன்றாவது, செயலிகளை வீட்டு வைஃபையிலேயே இறக்கி, ஓடிபி போட்டுப் பதிவும் செய்துவிடுங்கள். பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்குமான சென்னை ஒன், ரயில் டிக்கெட்டுக்கான ரயில்ஒன் இரண்டும் இருந்தால் போதும். ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டு, பின்னால் ஆட்கள் இடிக்க, பாஸ்வேர்டு யோசிப்பது நரகம். பவர் பேங்க் இருந்தால் கண்டிப்பாக எடுத்து வாருங்கள், ஏன் என்று மெட்ரோ பகுதியில் சொல்கிறேன்.

பஸ்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்புவது பஸ்ஸில்தான், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகளில் சாதாரணம், விரைவு, டீலக்ஸ் எனப்படும் சொகுசு, ஏசி என்று வகைகள் உண்டு. ஒரே நம்பர், ஒரே வழி, ஆனால் வண்டியின் வகையைப் பொறுத்துக் கட்டணம் மாறும். சாதாரணப் பேருந்தில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். அதே தூரத்துக்கு டீலக்ஸில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும், ஏசியில் அதற்கும் மேல். நேற்று ஒரு தொகை வாங்கினார், இன்று வேறு தொகை வாங்குகிறாரே என்று கண்டக்டரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், போர்டைப் பாருங்கள். கட்டணம் ஸ்டேஜ் கணக்கில் போகும், உங்கள் ஸ்டாப் ஒரு ஸ்டேஜ் தாண்டி இருந்தால் தொகை கூடும்.

பெண்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் அனைவருக்கும் பயணம் இலவசம். 2021 மே மாதத்திலிருந்து இருக்கிறது, விடியல் பயணம் என்று பெயர். சென்னைக்காரராக இருக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை, அடையாள அட்டையும் கேட்பதில்லை. முன்பக்கமும் பின்பக்கமும் ரோஜா நிறம் அடித்த பஸ் என்றால் யோசிக்காமல் ஏறலாம். நிறத்தை மட்டும் நம்ப முடியாத பஸ்ஸாக இருந்தால் ஏறும்போதே கேட்டுவிடுங்கள். டீலக்ஸ், ஏசி இரண்டிலும் இது கிடையாது. ஆனால் இலவசம் என்பதற்காக டிக்கெட் வாங்காமல் இருந்துவிடக் கூடாது. கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டு ஒன்று கொடுப்பார், அதை வாங்கி இறங்கும்வரை கையில் வைத்திருங்கள். திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் வரும் ஒருவருக்கும் இதே சலுகை உண்டு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட் கிடையாது, ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை அரை டிக்கெட்.

இப்போது காசு கொடுக்கும் விதம். பெரும்பாலான பஸ்களில் கண்டக்டர் கையில் ஒரு சின்ன மெஷின் இருக்கும். அதிலேயே கியூஆர் வரும், ஸ்கேன் செய்து யுபிஐ-யில் கட்டலாம், அட்டையும் தட்டலாம். காலியான பஸ்ஸில் இது நன்றாகவே நடக்கிறது. மெஷின் திரையில் கியூஆர் வந்ததும் ஸ்கேன் செய்யுங்கள், தொகை சரியா என்று பாருங்கள், பணம் போனதும் மெஷின் சீட்டை அடித்துத் தரும்வரை பொறுங்கள்.

ஆனால் மாலை ஆறு மணிக்கு 29சி-யிலோ 21ஜி-யிலோ ஏறிப் பாருங்கள். கண்டக்டர் உங்களிடம் வர முடியாது, காசுதான் அவரிடம் போகும். நீங்கள் பின்படியில் ஏறி நிற்கிறீர்கள், அவர் நடுவில் எங்கோ இருக்கிறார். கையில் இருக்கும் காசை முன்னால் நிற்பவரிடம் நீட்டி, "ஒரு அடையாறு" என்று சொல்லுங்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாங்கி அடுத்தவரிடம் கொடுப்பார், அவரும் "ஒரு அடையாறு" என்பார், இப்படி ஐந்தாறு கை மாறிப் போய், டிக்கெட்டும் மீதிக் காசும் அதே கைகளின் வழியாக உங்களிடம் திரும்பி வரும். ஒரு ரூபாய் குறையாது. எத்தனையோ வருடங்களாக இந்த ஊரில் நடக்கிற விஷயம் இது, எனக்கு இன்னும் ஒவ்வொரு தடவையும் மனசு நிறையும். இந்த வழியில் யுபிஐ போக முடியாது, அட்டையும் போக முடியாது. போனை யாராவது ஆறு பேர் கை மாற்றிக் கொடுப்போமா? அதனால்தான் சில்லறை, சில்லறை என்று அடித்துக்கொள்கிறேன்.

அப்படிக் காசு அனுப்பும்போது இரண்டு விஷயம். சரியான தொகையைக் கொடுப்பது நல்லது, தொகை தெரியாவிட்டால் இருபது ரூபாய்க்கு மேல் அனுப்ப வேண்டாம். ஊர்ப் பெயரைத் தெளிவாக, எத்தனை டிக்கெட் என்பதோடு சொல்லுங்கள், "ரெண்டு சைதாப்பேட்டை" என்கிற மாதிரி. பெரிய நோட்டு கொடுத்து மீதி வர வேண்டியிருந்தால், கண்டக்டர் சில சமயம் சீட்டின் பின்னால் தொகையை எழுதித் தருவார், இறங்குவதற்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே நகர்ந்து போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டாப் வந்தபிறகு கேட்டால் உங்களுக்கும் பதற்றம், அவருக்கும் பதற்றம்.

டிக்கெட் வாங்குவது உங்கள் பொறுப்பு, கண்டக்டர் வரவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. செக்கிங் வந்தால் 500 ரூபாய் வரை அபராதம் என்று பஸ்ஸிலேயே எழுதியிருப்பார்கள். பெரிய பெட்டி, மூட்டையோடு ஏறினால் அதற்கும் தனியாக லக்கேஜ் டிக்கெட் கேட்கலாம், கொடுத்துவிடுங்கள்.

ஒரு மாதம் தங்கி கோச்சிங், வேலைப் பயிற்சி என்று தினமும் சுற்றப் போகிறவர்களுக்கு மாதப் பாஸ் உண்டு. 1,000 ரூபாய் பாஸில் ஏசி தவிர மற்ற பஸ்களில் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம், ஏசி பஸ்ஸும் சேர்த்து வேண்டுமென்றால் 2,000 ரூபாய். முக்கியமான பேருந்து நிலையங்களில் பாஸ் கவுன்டர் இருக்கிறது. தினமும் நாலு பஸ் ஏறுகிற ஆளுக்கு 1,000 ரூபாய் பாஸ் நிச்சயமாக லாபம். ஒரு வாரத்துக்கு வருகிறவர்கள் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மின்சார ரயில்

சென்னையில் இதைவிட மலிவான, இதைவிட நேரத்துக்குப் போய்ச் சேர்க்கிற வாகனம் இல்லை என்பது என் கருத்து. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இன்றைக்கும் இரண்டாம் வகுப்பில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய், கடற்கரை முதல் தாம்பரம் வரை முழுத் தூரமும் போனால் 10 ரூபாய். கிளாம்பாக்கத்தில் இறங்கி எழும்பூர், சென்ட்ரல் பக்கம் போக வேண்டியவர்களுக்கு நான் சொல்வது, பஸ்ஸில் தாம்பரம் வரை போய் அங்கே ரயில் ஏறுங்கள் என்பதுதான். சென்ட்ரலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் அரசு பொது மருத்துவமனை நடக்கிற தூரம், ஆட்டோ வேண்டாம். விமானத்தில் வருகிறவர்களுக்கும் விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ஸ்டேஷன் இருக்கிறது, அங்கிருந்து எழும்பூருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் ஆகாது. கடற்கரையிலிருந்து வேளச்சேரிக்குப் போகிற பறக்கும் ரயிலுக்கும் இதே கவுன்டர், இதே செயலிதான்.

இங்கே உள்ளே நுழைய தானியங்கிக் கதவு எதுவும் கிடையாது. யாரும் தடுக்க மாட்டார்கள், நேராக பிளாட்பாரத்துக்குப் போய்விடலாம். புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். ஏறிய பிறகு டிக்கெட் வாங்கும் வழக்கம் ரயிலில் இல்லை. முதலில் டிக்கெட், அப்புறம்தான் பிளாட்பாரம்.

டிக்கெட் வாங்க மூன்று வழி. கவுன்டரில் வரிசையில் நின்று காசு கொடுத்து வாங்கலாம், காலை நேரத்தில் தாம்பரத்தில் வரிசை நீளமாக இருக்கும். பக்கத்திலேயே தானியங்கி மெஷின் நிற்கும், திரையில் போக வேண்டிய ஸ்டேஷனைத் தொட்டு, எத்தனை பேர், ஒரு வழியா போக வரவா என்று தேர்ந்தெடுத்தால் கியூஆர் வரும், யுபிஐ-யில் கட்டினால் சீட்டு அடித்து விழும். பல ஸ்டேஷன்களில் மெஷின் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார், ஸ்டேஷன் பெயரைச் சொல்லிக் காசைக் கொடுத்தால் அவரே எடுத்துத் தருவார். பெரியவர்களுக்கு இதுதான் சுலபம்.

மூன்றாவது வழி செயலி. 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் செயலியில் மின்சார ரயில் டிக்கெட்டும் எடுக்கலாம். இதில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, தெரியாவிட்டால் கடைசி நிமிடத்தில் கைவிரிக்கும்: காகிதமில்லாத டிக்கெட்டை ஸ்டேஷனுக்குள்ளோ தண்டவாளத்துக்கு மிக அருகிலோ நின்றுகொண்டு எடுக்க முடியாது. டிக்கெட் பரிசோதகரைப் பார்த்ததும் எடுப்பதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஸ்டேஷனுக்கு நடந்து வரும் வழியிலேயே, டீக்கடை பக்கம் நின்று எடுத்துவிடுங்கள். உள்ளே வந்துவிட்டால் சுவரில் ஒட்டியிருக்கும் ஸ்டேஷன் கியூஆரை ஸ்கேன் செய்து எடுக்கலாம். எடுத்த டிக்கெட்டைச் செயலிக்குள் திறந்துதான் காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. வீட்டிலிருந்து மகன் எடுத்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் அது டிக்கெட் ஆகாது.

அடுத்தது பெட்டி. என் அக்கா மகன் இன்டர்வியூவுக்காக வந்தபோது மாம்பலத்தில் ரயில் ஏறினான், கையில் இரண்டாம் வகுப்பு டிக்கெட் இருந்தது. எல்லாப் பெட்டியும் நெரிசலாக இருக்க, ஒன்று மட்டும் காற்றாட இருந்ததைப் பார்த்து ஓடிப் போய் ஏறிவிட்டான். அது முதல் வகுப்புப் பெட்டி. இரண்டு ஸ்டேஷன் தள்ளி பரிசோதகர் வந்தார். கட்டண வித்தியாசமும் அதன்மேல் 250 ரூபாயும் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கிறான். பெட்டியின் கதவுப் பக்கத்தில் வகுப்பு எழுதியிருக்கும், அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. முதல் வகுப்பு வேண்டுமென்றால் தனி டிக்கெட் வாங்கிக்கொண்டு தாராளமாகப் போகலாம், 2022-ல் பாதியாகக் குறைத்தபிறகு 25 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. கூட்ட நேரத்தில் ஒரு பெட்டி மட்டும் காலியாகத் தெரிந்தால், ஏறும் முன் ஒரு நொடி நின்று எழுத்தைப் படியுங்கள். பெண்கள் பெட்டி தனியாக உண்டு, ஆண்கள் அதிலும் ஏறக் கூடாது. 2025 ஏப்ரலிலிருந்து கடற்கரை, செங்கல்பட்டு வழியில் ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது, குறைந்தபட்சம் 35 ரூபாய், அதற்கும் சாதாரண டிக்கெட் செல்லாது.

மெட்ரோ

இதில் குழப்பம் குறைவு, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீல வழி விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை, பச்சை வழி சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு வழியாகப் பரங்கிமலை வரை. இரண்டும் சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும் சந்திக்கும். காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணி வரை ஓடுகிறது. கட்டணம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை, அதற்கு மேல் கிடையாது. போனில் டிக்கெட் எடுத்தாலும், அட்டை தட்டிப் போனாலும் 20 சதவீதம் தள்ளுபடி.

கவுன்டரில் காசு கொடுத்தால் கியூஆர் அச்சிட்ட காகிதச் சீட்டு தருவார்கள். கசக்கி, மடித்து வைக்காதீர்கள், இறங்கும்போதும் அதே சீட்டைக் காட்டினால்தான் கதவு திறக்கும். போனில் வேண்டுமென்றால் மெட்ரோவின் சொந்தச் செயலி, வாட்ஸ்அப், நீங்கள் வழக்கமாக யுபிஐ-க்குப் பயன்படுத்தும் பேடிஎம், போன்பே என்று எதில் வேண்டுமானாலும் எடுக்கலாம். சுரங்க ஸ்டேஷனுக்குள் போய் சிக்னலைத் தேடாமல் மேலேயே எடுத்துவிட்டு இறங்குவது நல்லது. டிக்கெட் அன்றைய தினத்துக்கு மட்டும்தான்.

பவர் பேங்க் இதற்காகத்தான். உள்ளே வரும்போது உயிரோடு இருந்த போன் வெளியே போகும்போது அணைந்துவிட்டால் கதவுக்கு இந்தப்பக்கம் நிற்க வேண்டியதுதான். அப்படி ஆனால் பயப்படாமல் கதவு ஓரத்தில் இருக்கும் உதவிக் கவுன்டரில் சொல்லுங்கள். குடும்பத்தோடு வந்தால் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு கதவைத் தாண்ட முயல வேண்டாம், ஒவ்வொருவராகத்தான் போக வேண்டும். சின்னப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் முன்னால் விட்டு நீங்கள் பின்னால் வாருங்கள், முதலில் நீங்கள் போய்விட்டால் அந்தப்பக்கத்திலிருந்து அவர்களுக்கு உதவ முடியாது.

சிங்காரச் சென்னை அட்டை யாருக்கு?

2023 தமிழ்ப் புத்தாண்டு நாளில் மெட்ரோவில் அறிமுகமான அட்டை இது, ஸ்டேட் வங்கியோடு சேர்ந்து கொடுக்கிறார்கள். 2025 ஜனவரியிலிருந்து மாநகரப் பேருந்துகளிலும் செல்கிறது. மெட்ரோ ஸ்டேஷன் கவுன்டரில் கேட்டால் கிடைக்கும், கைபேசி எண்ணும் ஓடிபியும் ஒரு அடையாள அட்டை எண்ணும் தேவைப்படும்.

இரண்டு நாள் வேலைக்கு வருகிறவர்களுக்கு இது தேவையில்லை. ஒரு வாரத்துக்கு மேல் தங்கி மெட்ரோவில் போய் வருகிறவர்களுக்கும், ஸ்மார்ட்போனில் கை வராத பெரியவர்களுக்கும் இதுபோல நிம்மதியான பொருள் வேறில்லை. கவுன்டரில் காசு கொடுத்தே பணம் ஏற்றிக்கொள்ளலாம், நுழையும்போது ஒரு தட்டு, வெளியேறும்போது ஒரு தட்டு, அவ்வளவுதான். என் அம்மாவுக்கு இதைத்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கழுத்தில் கயிறு கட்டி மாட்டிக்கொண்டு வடபழனிக்குத் தனியாகப் போய் வருகிறார்.

ஆன்லைனில் பணம் ஏற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆன்லைனில் போடுகிற பணம் கணக்கில் வந்து நிற்கும், அட்டைக்குள் இருக்கும் சிப்புக்குத் தானாக வராது. ஸ்டேஷனில் இருக்கும் மெஷினில் அட்டையை வைத்துப் புதுப்பித்தால்தான் அது உள்ளே இறங்கும். பணம் ஏற்றிவிட்டோமே, கதவு திறக்கவில்லையே என்று முழிப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். சிப்பில் அதிகபட்சம் 2,000 ரூபாய் வைக்கலாம். அட்டை தொலைந்தால் கண்டெடுத்தவரும் தட்டிப் போகலாம் என்பதால் 200, 300 என்று அளவாகவே ஏற்றுங்கள்.

இது தேசியப் பொதுப் பயண அட்டை வகையைச் சேர்ந்தது. டெல்லியிலோ பெங்களூருவிலோ இந்த வகை அட்டை வாங்கி வைத்திருந்தால் அதையே சென்னை மெட்ரோவில் தட்டலாம், புதிது வேண்டாம். ஆனால் உறவினர் யாராவது தங்களிடம் இருக்கும் சென்னை மெட்ரோவின் பழைய பயண அட்டையைக் கொடுத்தால், அதில் இருக்கும் மீதத்தை மட்டும் செலவு செய்யலாம். 2025 ஆகஸ்ட் 1-லிருந்து அதில் பணம் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். மின்சார ரயிலுக்கு அட்டையைத் தட்டுகிற ஏற்பாடு இல்லை, அங்கே டிக்கெட்தான்.

சென்னை ஒன்

பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே செயலி, ஒரே கியூஆர் என்று 2025 செப்டம்பர் 22 அன்று தொடங்கினார்கள். கும்டா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் கொண்டு வந்தது. எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று போட்டால் எதில் ஏறி எங்கே மாற வேண்டும், எவ்வளவு ஆகும் என்று காட்டி, மொத்தத்துக்கும் யுபிஐ-யில் பணம் வாங்கிக்கொள்ளும். தமிழிலும் இருக்கிறது. பஸ் எங்கே வருகிறது என்று பார்ப்பதற்காக மட்டுமேகூட இதை வைத்துக்கொள்ளலாம்.

வழி தெரியாதவர்களுக்கு இது பெரிய வரம் என்றே சொல்வேன். அதே சமயம் பஸ்ஸில் டிக்கெட்டைக் கண்டக்டரிடம் காட்ட வேண்டும், ஆக நெரிசலில் நகர முடியாத பிரச்சினை இங்கேயும் உண்டு. வயதான அம்மாவை அழைத்துக்கொண்டு ஆறு மணிக் கூட்டத்தில் ஏறுகிறீர்கள் என்றால் காசே நல்லது.

வெளிநாட்டிலிருந்து வருகிற நம் ஆட்களுக்கு

சிங்கப்பூரில் வங்கி அட்டையை அப்படியே கதவில் தட்டிப் போய்ப் பழகியவர்கள் இங்கேயும் தட்டிப் பார்க்கிறார்கள், திறக்காது. இந்திய வங்கிக் கணக்கு இல்லாமல் வழக்கமான யுபிஐயும் வராது. சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன், அமெரிக்கா போன்ற சில நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் என்ஆர்இ (வெளிநாடு வாழ் இந்தியருக்கான) வங்கிக் கணக்கோடு அந்நாட்டுக் கைபேசி எண்ணையே இணைத்து யுபிஐ பயன்படுத்தலாம், வங்கியில் கேட்டு ஊரிலிருந்தே செய்துகொண்டு வாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து சிகிச்சைக்காகவும் கோயில்களுக்காகவும் வருகிறவர்களுக்கு நான் சொல்வது, விமான நிலையத்தில் கொஞ்சம் பணம் மாற்றும்போதே ஐம்பதும் இருபதுமாகக் கேட்டு வாங்குங்கள். மூன்று வாகனத்துக்கும் ரொக்கம் செல்லும்.

பணம் போய் டிக்கெட் வராவிட்டால்

எனக்கு ஒருமுறை நடந்தது. மின்சார ரயில் டிக்கெட் மெஷினில் 10 ரூபாய் கட்டினேன், கணக்கில் பிடித்துவிட்டது, சீட்டு வரவில்லை. இன்னொரு தடவை கட்டினேன், அதுவும் போனது, இந்தமுறை சீட்டு வந்தது. முதல் பத்து ரூபாய் சில நாளில் தானாகவே கணக்குக்குத் திரும்பியது. ஆகவே தொகை சின்னது என்றால் அங்கேயே நின்று வாதாடி ரயிலை விடாதீர்கள், செயலியில் இருக்கும் பரிவர்த்தனை எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ரொக்கம் கொடுத்து டிக்கெட் வாங்கிப் போய்விடுங்கள். பணம் பிடித்த செய்தியைக் காட்டி டிக்கெட் இல்லாமல் ஏறுவது மட்டும் கூடாது, பரிசோதகருக்கு அது டிக்கெட் ஆகாது. திரும்பி வராவிட்டால் யுபிஐ செயலியிலேயே அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் கொடுக்கலாம்.

ஷேர் ஆட்டோவுக்கும் ஒரு வார்த்தை. பத்து, இருபது என்று வாங்குவார்கள், ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். யுபிஐ ஸ்டிக்கர் சிலவற்றில் இருக்கும், இறங்கும் இடத்தில் பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கும்போது ஸ்கேன் செய்துகொண்டிருப்பதைவிடக் காசாகக் கொடுப்பதே சுலபம்.

ஊர் திரும்பும் நாள்

கிளாம்பாக்கத்துக்கோ சென்ட்ரலுக்கோ போகிற கடைசிப் பயணத்துக்கான சில்லறையை முதல் நாள் இரவே எடுத்து வைத்துவிடுங்கள். பெட்டி படுக்கையோடு, நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது சில்லறை தேடுவதுதான் இருப்பதிலேயே சிரமமானது. அட்டையில் மீதம் இருந்தால் அப்படியே பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த முறை வரும்போது ஆகும். சித்தப்பா இந்தத் தடவை கிளம்பும்போது பத்து ரூபாய் காசாகவே பன்னிரண்டு சேர்த்து, மாத்திரை டப்பா ஒன்றில் போட்டு, மறு பரிசோதனைக்கு வரும்போது எடுத்து வருவதற்காகப் பையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு போனார்.